கோதுமை சேராத குழந்தை: சீலியாக் நோய் பற்றி பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் ரவா உப்புமா. பள்ளி இடைவேளைக்கு இரண்டு பிஸ்கட். சாயங்காலம் பாலில் தொட்டுக்கொள்ள ஒரு ரஸ்க். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ஒரு நாள் இப்படித்தான் போகிறது. இந்த மூன்றிலுமே கோதுமை இருக்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் மிகச் சில பிள்ளைகளின் குடல் கோதுமையை ஏற்றுக்கொள்ளாது. அந்த நிலைக்குப் பெயர் சீலியாக் நோய்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மூன்று வயதுப் பையன். வயிறு உப்பியிருக்கிறது, கையும் காலும் குச்சி மாதிரி இருக்கிறது. அடிக்கடி வயிற்றுப்போக்கு. "பூச்சியா இருக்கும்" என்று பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. "கண்ணு பட்டிருக்கும்" என்று பாட்டி சுற்றிப் போட்டாயிற்று. டானிக்கும் இரண்டு மூன்று பாட்டில் காலி. வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று அம்மா பிரெட்டும் ரஸ்க்கும் பார்லி கஞ்சியும் கொடுக்கிறார். பாசத்தோடு கொடுக்கும் இந்த மூன்றும்தான் அவன் குடலைக் கெடுக்கின்றன என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டிலோ, தெருவிலோ இருக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

என்ன நோய் இது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. பரோட்டா மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்வதற்குக் காரணம் இதுதான். சீலியாக் நோய் உள்ளவரின் உடலுக்குள் குளூட்டன் போனால், அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது. அந்தச் சுவரில், சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவதற்காக விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதன் பிறகு குழந்தை எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது.

இது தொற்று நோய் இல்லை. பரம்பரையாக வரும் மரபணு அமைப்புக்கு இதில் பங்கு உண்டு. "நான் வயித்துல சுமந்தப்ப எதையோ தப்பா சாப்பிட்டுட்டேனோ" என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். யார் செய்த தவறாலும் இது வருவதில்லை.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு. அது வந்தால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே உடம்பில் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் வரலாம். அப்படி ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். சீலியாக் நோய் மெதுவாக, மாதக்கணக்கில் உள்ளுக்குள் வேலை செய்யும்.

நம்ம ஊரில் ஏன் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது?

வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000-க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது. தென்னிந்தியாவில் நூற்றுக்கு 0.10 பேரிடம்தான் இருந்தது. ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை அங்கே சராசரியாக 455 கிராம், இங்கே 25 கிராம். ஆனால் இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு அமைப்பு இரண்டு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது.

நம்மிடம் நோய் அரிது என்பது உண்மைதான். ஆனால் அரிது என்பதாலேயே யாருக்கும் அது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. "நாமதான் சோறு சாப்பிடுற ஜனங்களாச்சே" என்று விட்டுவிடுகிறோம். சோறு சாப்பிடும் வீட்டுக்குள்ளும் ரவை, மைதா, சேமியா, பிஸ்கட் தினமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

• வாரக்கணக்கில் நிற்காத அல்லது திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு. சில குழந்தைகளுக்கு மாறாக மலச்சிக்கல்.
• உப்பிய வயிறு, மெலிந்த கை கால்.
• எடை கூடாமை, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை.
• இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் சரியாகாத ரத்தசோகை.
• ஓயாத சிணுங்கல், சோர்வு, பசியின்மை, அடிக்கடி வாய்ப்புண்.
• வளரிளம் பருவத்தில் பூப்படைவது தாமதமாதல்.

இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே சீலியாக் நோய்தான் என்று அர்த்தம் இல்லை. மருத்துவரிடம், "டாக்டர், இது சீலியாக்கா இருக்குமான்னு பார்க்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதல் வகை நீரிழிவு, தைராய்டு கோளாறு, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும், ஏற்கெனவே சீலியாக் நோய் உள்ளவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்கும் வாய்ப்பு சற்று அதிகம்.

பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான வரி இதுதான். இணையத்தில் ஏதோ படித்துவிட்டு, "எதுக்கும் ஒரு மாசம் கோதுமையை நிறுத்திப் பார்ப்போம்" என்று நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்.

காரணம் எளிது. முதலில் எடுப்பது டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து மிகச் சிறிய திசுத் துண்டுகளை எடுத்துச் சோதிப்பார்கள். குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தத்தில் எதிர்ப்பொருளும் குடலில் பாதிப்பும் தெரியும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் முடிவு 'இல்லை' என்று தப்பாக வரலாம். பிறகு உறுதி செய்வதற்காகவே குழந்தைக்கு மறுபடியும் பல வாரம் கோதுமை கொடுக்க வேண்டியிருக்கும்.

எங்கே போவது? முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். மேல் பரிசோதனை தேவைப்படும் குழந்தையை அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்து ஆலோசனை கேளுங்கள்.

மருந்துக் கடையில் இல்லாத மருந்து

நோய் உறுதியானதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை நாள் மருந்து சாப்பிடணும் டாக்டர்?" இதற்கென்று மாத்திரை இல்லை. குளூட்டனை முழுவதுமாக, வாழ்நாள் முழுக்க விலக்குவதுதான் ஒரே சிகிச்சை. பத்தியம் என்றால் சில வாரம் இருந்துவிட்டு முடிப்பது என்றுதான் நமக்குப் பழக்கம். இந்தப் பத்தியத்துக்கு முடிவு தேதி கிடையாது.

இது எப்படித் தெரியவந்தது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நெதர்லாந்து நாட்டில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், கோதுமைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று 1930-களிலேயே சந்தேகப்பட்டார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-ல் அங்கே கடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடியும் நோயில் விழுந்தார்கள். 1950-ல் டிக்கே தன் ஆய்வை முன்வைத்தார். அன்று கண்ட வழிதான் இன்றும் சிகிச்சை.

நல்ல செய்தி என்னவென்றால், சரியாகக் கடைப்பிடித்தால் குழந்தை தேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரத்திலேயே வயிற்றுப்போக்கு குறைந்து முகம் தெளியும், எடை ஏறத் தொடங்கும். குடல் ஆறவும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இறங்கவும் கூடுதல் காலம் பிடிக்கும். ஆரம்பத்தில் சில வாரம் பால் சேராமல் போகலாம். இரும்பு, வைட்டமின் டி போன்றவையும் தேவைப்படலாம். இதையெல்லாம் மருத்துவர் சொல்வார். நீங்கள் செய்ய வேண்டியது, குறித்த தேதியில் தவறாமல் கூட்டிப்போவது.

"ஒரு வாய் தானே?"

குழந்தை தேறிய பிறகுதான் சோதனையே ஆரம்பம். "பாவம், புள்ளை ஆசைப்படுதே. ஒரு வாய் கேசரி சாப்பிட்டா என்னம்மா ஆயிடும்?" என்று பாட்டி கேட்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாசம்தான். அவரிடம் கோபப்படுவதை விடக் கணக்கைச் சொல்வது நல்லது.

ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அதாவது 2,000 மில்லிகிராம். தினமும் வெறும் 50 மில்லிகிராம் போனாலே சில மாதத்தில் குடல் மறுபடி கெடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு பிரெட் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு பங்கு! "அத்தை, நீங்க கொடுக்கிற ஒரு வாய்ல அவனுக்கு ஒரு மாசத்து மருந்து வீணாப் போயிடும்" என்று சொன்னால் எந்தப் பாட்டியும் புரிந்துகொள்வார். சாப்பிட்ட அன்று ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். வெளியே தெரியாமலே உள்ளே பாதிப்பு நடக்கலாம். தொடர்ந்து விட்டால் வளர்ச்சிக் குறைவு, எலும்பு பலவீனம், ரத்தசோகை வரும். மிக அரிதாகக் குடல் புற்றுநோய் வரைகூடப் போகலாம்.

நம் சமையலறையில் ஒளிந்திருக்கும் கோதுமை

சப்பாத்தி, பூரி, பரோட்டா, பிரெட், பன், கேக், நூடுல்ஸ் எல்லாம் நமக்கே தெரியும். தெரியாமல் உள்ளே வருபவற்றைப் பாருங்கள்:

• பெருங்காயம்: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு சேர்க்கிறார்கள். அப்படியானால் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் பூண்டு, இஞ்சி, சீரகம் போதும்.
• ரவை: வெள்ளை ரவையும் கோதுமைதான். 'சம்பா ரவை' என்ற பெயரைப் பார்த்துச் சம்பா அரிசி என்று ஏமாற வேண்டாம். அது சம்பா கோதுமை.
• ராகி சேமியா: பல பாக்கெட்டுகளில் ராகியோடு கோதுமையும் கலந்திருக்கும்.
• அல்வா: திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமைப் பாலில் செய்வது. குலாப் ஜாமூனில் மைதா உண்டு.
• பார்லி கஞ்சி, மால்ட் சேர்த்த பானப் பொடிகள்: மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருகிறது.
• சோயா சாஸ்: வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு.
• ஓட்ஸ்: கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

தட்டில் என்ன வைக்கலாம்?

இந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். கோதுமை ரொட்டியே முக்கிய உணவாக இருக்கும் ஊரில் தாய்மார் படும் பாடு நமக்கு இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, பெருங்காயம் போடாத பொங்கல், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, சோளம், ஜவ்வரிசி, பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி, தயிர், காய், பழம், கிழங்கு எல்லாமே இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட விலை உயர்ந்த பிஸ்கட் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வீட்டில் சுட்ட அரிசி முறுக்கு, அதிரசம் போதும்.

தானியம் சுத்தமாக இருந்தாலும் அரைக்கும் இடம் முக்கியம். மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், அந்த மிச்சம் உங்கள் கேழ்வரகு மாவிலும் கலக்கும். முடிந்த வரை வீட்டு மிக்ஸியில் அரையுங்கள், அல்லது அரிசி மட்டுமே அரைக்கும் மில்லைத் தேடுங்கள். சப்பாத்தி சுடும் கல்லிலேயே குழந்தைக்குத் தோசை ஊற்ற வேண்டாம். தனிக் கல், தனிக் கரண்டி, தனி டப்பா வைத்துவிடுங்கள். ஹோட்டலில் பரோட்டாவும் தோசையும் ஒரே கல்லில் போகும் இடத்தைத் தவிர்த்து, ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம் கேளுங்கள்.

ஃபோன் உங்களுக்கு எப்படி உதவும்?

• லேபிள்: கோதுமை போன்ற குளூட்டன் தானியம் சேர்ந்திருந்தால் பாக்கெட் உணவில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எழுத்து பொடியாக இருந்தால் ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் கேமரா மொழிபெயர்ப்பு வசதியைப் பயன்படுத்துங்கள்.
• 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டிருந்தால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 'குறைந்த குளூட்டன்' என்பது வேறு, அது குழந்தைக்கு ஆகாது.
• லேபிள் தவறாக இருப்பதாகத் தெரிந்தால் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் புகார் செய்யலாம். பில்லையும் பாக்கெட் படத்தையும் வைத்திருங்கள்.
• பரிசோதனை முடிவுகளைப் படமெடுத்துத் தனி ஆல்பத்தில் வையுங்கள். குழந்தைக்கு ஆபா எண் எடுத்து, மருத்துவ ஆவணங்களை அதோடு இணைத்தும் வைக்கலாம். ஊர் மாறினாலும் கையில் இருக்கும்.
• மாதம் ஒரு முறை எடை, உயரத்தைக் குறித்து வையுங்கள். எடை நின்றுபோனால் எங்கோ கோதுமை உள்ளே நுழைகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் சொல்லுங்கள்

அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவில் கோதுமை சேர்கிறது. பாக்கெட்டின் பின்புறம் உள்ள பட்டியலைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வகைகள் மாறி மாறி வரும். ரவை, சேமியா, கோதுமை ரவை சமைக்கும் நாட்களில் உங்கள் குழந்தை சாப்பிடக் கூடாது. சாம்பாரில் போடும் பெருங்காயத்தையும் கேட்க வேண்டும். அந்த நாட்களில் வேறு ஏதாவது தர முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். முடியாது என்றால் வீட்டிலேயே இட்லி கொடுத்து அனுப்புங்கள். மதிய உணவு பற்றியும் இதே மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயால் சொன்னால் மறந்துபோகும். எழுதிக் கொடுங்கள். கீழே உள்ள கடிதத்தை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். ____ வகுப்பில் படிக்கும் என் குழந்தை ____-க்கு சீலியாக் நோய் இருக்கிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி சேர்ந்த எந்த உணவையும் சிறிதளவும் சாப்பிடக் கூடாது. பிஸ்கட், கேக், சாதாரணச் சாக்லேட் ஆகியவற்றையும் எங்களைக் கேட்காமல் தர வேண்டாம். அரிசி, கேழ்வரகு, முட்டை, பழம் சாப்பிடலாம். இது தொற்று நோய் அல்ல, மற்ற குழந்தைகளோடு சேர்ந்து உட்காரலாம். வகுப்பு ஆசிரியர், சமையலர், சத்துணவு அமைப்பாளர் ஆகியோருக்கும் இதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்றின் நகல் இணைத்துள்ளேன். இப்படிக்கு, ____, தொலைபேசி ____."

கடிதத்தைப் படமெடுத்து வகுப்பு ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். சமையல் செய்யும் அக்காவை ஒரு நாள் நேரில் பார்த்துப் பேசுங்கள். தட்டில் பரிமாறுவது அவர்தான். குழந்தையின் முகம் அவருக்கு நினைவிருந்தால் கடிதத்தை விட அது பலம். ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பு மாறும்போது மறுபடியும் சொல்லுங்கள்.

குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

"அதைத் தொடாதே, செத்துப்போயிடுவ" என்று பயமுறுத்த வேண்டாம். "உன் வயித்துக்குக் கோதுமை சேராதுடா கண்ணா, அரிசி சேரும்" என்று எளிதாகச் சொல்லுங்கள். நான்கைந்து வயதிலேயே "எனக்குக் கோதுமை சேராது, அம்மாகிட்ட கேட்டுட்டுச் சாப்பிடுறேன்" என்று சொல்லப் பழக்கலாம். பிறந்தநாள் விழாவுக்கு அனுப்பும்போது டப்பாவில் அவனுக்குப் பிடித்த இனிப்பைக் கொடுத்தனுப்புங்கள். எல்லோரும் கேக் சாப்பிடும்போது வெறும் கையோடு நிற்பதுதான் குழந்தைக்கு வலிக்கும்.

பதின்ம வயதில் நண்பர்களோடு வெளியே போவார்கள். ஒரு நாள் ஆசையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சாப்பிடுவது நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும்.

சீலியாக் குழந்தைக்கு மருந்து கொடுப்பவர் மருத்துவர் மட்டும் இல்லை. அம்மா, அப்பா, பாட்டி, அங்கன்வாடி டீச்சர், சமையல் அக்கா, பக்கத்து வீட்டு அத்தை என்று அவன் கையில் ஏதாவது தின்னக் கொடுக்கும் ஒவ்வொருவரும் அந்த மருந்தைக் கொடுப்பவர்தான். அவர்களில் ஒருவருக்குத் தெரியாமல் போனாலும் சிகிச்சையில் ஓட்டை விழும். எனவே இன்று ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குழந்தைக்கு யார் யாரெல்லாம் சாப்பிடக் கொடுக்கிறார்கள் என்று ஃபோனில் ஒரு பட்டியல் போடுங்கள். நாளையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அப்படிக் குழந்தை இல்லை என்றாலும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் நீட்டும் முன் "இது சேருமா தம்பி?" என்று கேளுங்கள்.